வீராணம் ஏரி, வடவாறு, கொள்ளிடக் கரை: கிராவல் சைக்கிளுக்கு எந்தத் தடம், எந்த மாதம்?

சென்னையிலிருந்து நான்கு பேர், புதிதாக வாங்கிய கிராவல் சைக்கிள்கள் (மண், கப்பித் தடங்களிலும் ஓடும் அகன்ற டயர் சைக்கிள்கள்), பொங்கல் விடுமுறையில் மூன்று நாள். வீராணம் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பக்கத்து ஆற்றுக்கரைகளிலும் ஓட்ட முடியுமா, தார் ரோடு எவ்வளவு குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ஏரிச் சுற்றை மையமாக வைத்துத் திட்டம் போட்டால் ஏமாந்து போவீர்கள். இந்தப் பக்கத்தில் ஏரியைவிட, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வடவாற்றின் கரையும் கொள்ளிடத்தின் கரையும்தான் சைக்கிளுக்கு வாகானவை. அந்தக் கரைகளிலும் எப்போது எதில் போகலாம் என்பதைத் தூரம் முடிவு செய்வதில்லை, மண்தான் முடிவு செய்கிறது.

முதலில் ஊர்களின் இருப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. வட முனையில் சேத்தியாத்தோப்பும் வெள்ளாறும். தென் முனையில் லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில். இன்னும் தெற்கே போனால் கொள்ளிடம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி இது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆயிற்று. மேற்கே நிலம் மேடு, கிழக்கே பள்ளம். ஆகவே உயரமான கரை கிழக்குப் பக்கம் மட்டும் போதும் என்று கட்டியிருக்கிறார்கள். மேற்கே ஜெயங்கொண்டம், ஸ்ரீமுஷ்ணம் பக்கம் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். கிழக்கேயும் தெற்கேயும் டெல்டாவின் களிமண், நெல் வயல்.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், மழை பெய்த மறுநாள் செம்மண் தடத்தில் தாராளமாகப் போகலாம். தண்ணீர் வடிந்து, மேலே இருக்கும் பொடிக்கல் இறுகி, டயருக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். அதே நாளில் களிமண் கரையில் இறங்கினால் நூறு மீட்டருக்குள் சக்கரம் சுற்றாது. மண் டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் வர வேண்டும். குச்சியால் நோண்டி எடுத்தாலும் பத்தடிக்குள் மறுபடி அடைத்துவிடும். டெல்டாவில் மண் தடம் நன்றாக இருப்பது தையிலிருந்து பங்குனி வரைக்கும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் தார் ரோட்டையும் மேற்குச் செம்மண்ணையும் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் தடம் காய்ந்து கல்லாக இருக்கும், ஆனால் காலை ஒன்பதுக்கு மேல் வெயிலில் ஓட்ட முடியாது. ஆடியில் காற்று. அம்மியையே பறக்க வைக்கும் காற்று உங்களை மட்டும் விடுமா? மேற்கு நோக்கிப் போகிற தடமெல்லாம் அப்போது இரட்டிப்புத் தூரம்.

சரி, ஏரிக்கு வருவோம். கிழக்குக் கரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பில் ஏறினால் பூதங்குடி, கந்தகுமாரன், கொள்ளுமேடு என்று வந்து லால்பேட்டையில் இறங்கலாம். இதைக் கிராவல் தடம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். கரைமேல் போவது பேருந்து ஓடும் சாலை. ஆனாலும் போக வேண்டிய சாலை. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆளுயரத்துக்கும் கீழே வயலும் தென்னையும். ஒவ்வொரு மதகிலும் கரை சற்று அகன்றிருக்கும், அங்கே நிறுத்தி இளைப்பாறலாம். ஏரி உங்களுக்கு மேற்கே இருப்பதால் சாயங்காலம் நாலரைக்கு மேல் போனால்தான் அதன் முழு அழகு தெரியும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள், காற்றே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மேற்குப் பக்கத்தை எதிர்வாய் என்பார்கள். அங்கே சில இடங்களில் எதிர்வாய்க்கரை உண்டு, சில இடங்களில் வயலும் ஏரியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். முழுச் சுற்று சிக்கலாவது இங்கேதான். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும். செய்தித்தாளில் ‘வீராணம் நீர்மட்டம் 47.5 அடி’ என்று வருவதை ஆழம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிற முழுக் கொள்ளளவின் உயரம். ஆழம் அதில் ஒரு சிறு பங்குதான், ஏரி ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி. அதனால் மட்டம் ஓரிரு அடி இறங்கினாலே மேற்கு விளிம்பில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கித் தடம் வெளியே வரும். முழு மட்டத்தை ஒட்டி இருந்தால் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை ஏரியில் கலக்கிற இடங்களில் முழங்கால் சேறு. பொங்கல் சமயத்தில் பெரும்பாலும் ஏரி நிறைந்திருக்கும். ஆகவே நீங்கள் மேற்கே ஏரியை ஒட்டிப் போகாமல், சோழத்தரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் போய், இடையிடையே கிடைக்கிற செம்மண் வண்டிப்பாதைகளில் இறங்கி ஏறுங்கள். சுற்று மொத்தம் 50 கிலோமீட்டர் அளவில் வரும். பாதிக்கு மேல் தார்தான்.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலை சேத்தியாத்தோப்பு, சோழத்தரம், மீன்சுருட்டி வழியாகத்தான் போகிறது. வரைபடச் செயலி உங்களை அடிக்கடி அதில் ஏற்றிவிடப் பார்க்கும். லாரிகள் நிற்காமல் ஓடும் சாலை. குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வடவாறு. உங்கள் பயணத்தின் உண்மையான தொடக்கம் இதுதான் என்பேன். பெயர்தான் ஆறு, வேலை வாய்க்கால் வேலை. அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணையிலிருந்து கிளம்பி, சுமார் 22 கிலோமீட்டர் ஓடி வீராணத்தை நிரப்புகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, வடவாற்றில் திரும்பி, ஏரியில் சேர்ந்து, 2004-லிருந்து குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சென்னைக்கும் வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் தடத்தில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதிக்கப் போகிறீர்கள்.

வாய்க்கால் கரையில் ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக வெட்டிய சரிவு என்பதால் ஏற்றம் என்பதே கிடையாது. வேகமும் நிதானமும் நம் கையில். கரையில் துண்டு துண்டாகத் தார், கப்பி, கிராவல், வெறும் மண் என்று மாறி மாறி வரும். எந்தப் பக்கக் கரை நன்றாக இருக்கிறது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், கரை பலப்படுத்தும் வேலை எந்தப் பக்கம் நடந்ததோ அந்தப் பக்கம் புதுக் கிராவல் கொட்டியிருப்பார்கள். சாட்டிலைட் படத்தில் இது தெரியாது. மதகுக்குப் பொறுப்பான நீர்வளத்துறை ஆளை லஸ்கர் என்பார்கள். டீக்கடையில் “லஸ்கர் எங்க இருப்பாரு?” என்று கேட்டால் காட்டுவார்கள். எந்தக் கரையில் உடைப்பு, எங்கே மண் இளகியிருக்கிறது, நாளைக்குத் தண்ணீர் கூடுமா குறையுமா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. “அண்ணே, சைக்கிள்ல கீழணை வரைக்கும் எந்தக் கரையில போகலாம்?” என்றால் போதும். நான் பார்த்த வரையில் அவர்கள் சொன்ன தடம் தப்பியதில்லை.

முதலை விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் வடவாற்றிலும் முதலைகள் உண்டு. ஆட்களைத் தாக்கியும் இருக்கின்றன. ஊருக்குள் வந்தால் வனத்துறையினர் பிடித்துக்கொண்டுபோய்ச் சிதம்பரம் பக்கம் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவார்கள். கரைமேல் ஓட்டுகிறவருக்கு ஆபத்து இல்லை. வெயிலுக்குக் கால் நனைக்கலாம், பாட்டிலில் தண்ணீர் மொள்ளலாம் என்று இறங்குகிறவருக்குத்தான் ஆபத்து. படித்துறை இருந்து, உள்ளூர்க்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தால் அங்கே இறங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் பொறுப்பில் கட்டியது. கொள்ளிடம் அங்கே இரண்டு கிளையாகப் பிரிந்திருப்பதால் அணையும் இரண்டு துண்டாக இருக்கிறது. மேலே போகும் பழைய பாலம் குறுகல். எதிரே வண்டி வந்தால் சைக்கிளுக்கு ஒதுங்க இடமிருக்காது, காத்திருந்து ஏறுங்கள். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் கங்கைகொண்டசோழபுரம். இந்தத் துண்டில்தான் களிமண் முடிந்து செம்மண் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். டயரில் ஒட்டியிருக்கும் மண்ணின் நிறமே மாறிவிடும். முதலாம் இராஜேந்திரனின் கோயிலை எப்படியும் பார்ப்பீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேற்கே கிடக்கும் பொன்னேரியைத் தவறவிடாதீர்கள். கங்கை வரை போய் வென்றதன் நினைவாக அவன் வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரி அது. கோயிலுக்கு வருகிற நூறு பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கிராவல் சைக்கிளுக்கு நல்ல செம்மண் தடங்கள் அதன் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். திரும்பும்போது மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோவில். இந்தச் சுற்றும் 50 கிலோமீட்டரை ஒட்டித்தான்.

இப்போது கொள்ளிடக் கரை. மூன்று நாளில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, ஒரே ஒரு தடம் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கீழணையிலிருந்து கிழக்கே, ஆற்றின் வட கரையில், சிதம்பரத்துக்குத் தெற்கே வல்லம்படுகை வரைக்கும் போகலாம். வெள்ளத்துக்குத் தடுப்பாகப் போட்ட கரை இது. ஊரைவிட உயரம், ஆற்றைவிடவும் உயரம். கரைக்கும் தண்ணீருக்கும் இடையே படுகை நிலம் அரை கிலோமீட்டர்கூட இருக்கும். அதில் காய்கறியும் கரும்பும் பூவும் பயிர் செய்வார்கள். அதற்கப்பால் நாணல், அதற்கப்பால் மணல், பிறகுதான் ஆறு. தை மாதத்தில் ஆறு மெலிந்து ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகள் உடைந்த வாரத்தில் இதே ஆறு இரு கரையும் தொட்டுப் போனது என்றால் நம்ப முடியாது. படுகைக்குள் குடியிருப்பவர்கள் வீட்டை எவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் நம்பலாம்.

தடத்தின் தன்மை அடிக்கடி மாறும். கரையை ஒட்டிய ஊர்களுக்குள் வரும்போது தாரோ சிமெண்டோ இருக்கும். ஊர் தாண்டியதும் கிராவல், நடுவில் புல் முளைத்த இரட்டைத் தடம், சில இடத்தில் டிராக்டர் போய்ப் போய்ப் பொடியாகிப்போன மண். அந்தப் பொடிமண்ணில் டயர் அப்படியே புதையும். பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல், கைப்பிடியைத் தளர்த்தி விட்டுச் சீராக மிதித்தால் தாண்டிவிடலாம். மணல் லாரிகள் ஏறி இறங்கிய சரிவுகளில் பள்ளம் ஆழமாக இருக்கும், கவனம்.

வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓமாம்புலியூர், கானாட்டுமுள்ளூர் என்ற பாடல் பெற்ற தலங்கள். அங்கிருந்து காட்டுமன்னார்கோவில் பக்கமாகப் போனால் மேலக்கடம்பூர். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில், கருவறையையே தேராகச் செய்திருக்கிறார்கள், கல்லில் சக்கரமும் குதிரையுமாக. சைக்கிளில் போகிறவர்கள் அந்தச் சக்கரத்தின் ஆரங்களைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கத்தான் செய்வார்கள். சிற்பங்கள் சின்னவை, அதனால் பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். அப்புறம் காட்டுமன்னார்கோவிலிலேயே, உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சரித்திரத்தில் ஆர்வமுள்ள நண்பர் யாராவது கூட வந்தால் அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் சண்டை வரும்.

முட்டத்தில் கொள்ளிடத்தைக் கடந்து மணல்மேடு போகப் பாலம் இருக்கிறது. தென் கரையில் ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால் அங்கே கடந்துகொள்ளலாம். நான் வட கரையையே விரும்புவேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, காலையில் ஆற்றின் மேல் வெளிச்சம் விழுவதை அந்தப் பக்கமிருந்து பார்க்க நன்றாக இருக்கும்.

வெள்ளாற்றுப் பக்கம் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே போனால் வெள்ளாற்றோடு மணிமுத்தாறு கூடுகிற இடத்தில் கூடலையாற்றூர், அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணம். ஆற்றங்கரையில் தொடர்ச்சியான தடம் இல்லை. ஆனால் ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியிருக்கும் முந்திரித் தோப்புகளுக்கு இடையே செம்மண் பாதைகள் வலைப்பின்னலாக ஓடுகின்றன. இந்த வட்டாரத்தில் லேசான ஏற்ற இறக்கம் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். மழை நாளுக்கான மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், 45 இருந்தால் பொடிமண்ணில் நிம்மதி. காற்று 35 பிஎஸ்ஐ அளவில் போதும், எடைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறையுங்கள். டியூப்லெஸ் ஆக்கி, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றிக்கொண்டு வாருங்கள், இதில் பேச்சே வேண்டாம். ஏரிக்கரையிலும் ஆற்றுக்கரையிலும் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதன் முள் டயரில் ஏறியதும் தெரியாது. உடனே பிடுங்கினால் புஸ்ஸென்று போய்விடும். முள்ளை உடைத்துவிட்டு, அடிப்பாகம் உள்ளேயே இருக்கும்படி ஓட்டினால் சாயங்காலம் வரை தாங்கும். ஊர் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டுவார்கள், ஆனால் உங்கள் பிரெஸ்டா வால்வுக்கு அவர்கள் பம்பு பொருந்தாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், ஆளுக்கொன்று வாங்கி வால்விலேயே மாட்டிவிடுங்கள்.

தை மாதத்துக்கே உரிய தொந்தரவுகள் சில உண்டு. சம்பா அறுவடை தொடங்கியிருந்தால் ரோட்டில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் பரப்பிய இடத்திலும் அப்படியே, பின்சக்கரத்துக் கியர் மாற்றியில் (டிரெயிலர்) ஒரு வைக்கோல் சுற்றிக்கொண்டால் எடுக்க அரை மணி நேரம் ஆகும். பெல்ட் போட்ட அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய இடத்தில் கரையோரம் நொறுங்கியிருக்கும். வயலுக்குத் தண்ணீர் கட்ட மடை வெட்டியிருந்தால் தடத்தின் குறுக்கே ஓரடிக் கால்வாய் திடீரென்று வரும். அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க வருவார்கள். நூற்றுக்கணக்கில் வாத்துகள் கரையைக் கடக்கும்போது மணியடித்துப் பயனில்லை, கடைசி வாத்து போகும் வரை நிற்க வேண்டியதுதான். விடியற்காலை மூடுபனி உண்டு, எனவே முன்னாலும் பின்னாலும் விளக்கு அவசியம்.

தங்குவதற்குச் சிதம்பரம்தான் வசதி. ரயிலும் அங்கேதான். காலையில் சாம்பார் இட்லிக்குப் பதிலாக இட்லியும் கொத்சுவும் கேளுங்கள். மதியம் லால்பேட்டையில் இருக்கும்படி ஒரு நாளை அமைத்துக்கொண்டால் பிரியாணி. ஆற்றுக்கரைத் தடங்களில் ஊர் விட்டு ஊர் கடை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையிருப்பு வேண்டும்.

உங்கள் தேதிக்கு நான் போடுகிற வரிசை இது. முதல் நாள் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போய், லால்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு, மேற்கே செம்மண் பாதைகளில் வடக்கு நோக்கி ஏறி, சாயங்காலம் சேத்தியாத்தோப்பிலிருந்து கரைமேல் தெற்காக இறங்குங்கள். அன்று இரவு காட்டுமன்னார்கோவிலில் எளிமையான அறை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பேருந்துக் கூரையிலோ சின்ன லோடு வண்டியிலோ சைக்கிளை ஏற்றிச் சிதம்பரம். இரண்டாம் நாள் வடவாறு, கீழணை, கங்கைகொண்டசோழபுரம். மூன்றாம் நாள் காலை வண்டியில் சைக்கிள்களை அணைக்கரையில் இறக்கிக்கொண்டு, கொள்ளிடக் கரையோடு கிழக்கே வல்லம்படுகை வழியாகச் சிதம்பரம். மாலை ரயிலைப் பிடித்துவிடலாம். காணும் பொங்கலன்று ஏரிக்கரையிலும் கீழணையிலும் கூட்டம் திருவிழாபோல் இருக்கும், அந்தத் தேதியைக் கொள்ளிடக் கரைக்கு வைத்துக்கொண்டு, அணைக்கரையை விட்டு ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளில் மழை பெய்திருந்தால் வரிசையை மாற்றி, முதல் நாள் ஸ்ரீமுஷ்ணம் செம்மண், கடைசி நாள் கொள்ளிடம் என்று போடுங்கள். களிமண் காய மூன்று வெயிலாவது வேண்டும்.